எபிசோட் 37: கர்த்தர் பேசுறாரா, நானே பேசிக்கிறேனா?

(ஒலிப்பதிவிலிருந்து எழுதி, வாசிப்பதற்கு வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டது.)

 

நீங்க அனுப்புற மெசேஜ்களில் ஒரு கேள்வி மட்டும் வேற வேற சட்டை போட்டுக்கிட்டு வந்துக்கிட்டே இருக்கு. ஒருத்தர் வேலை மாறலாமான்னு கேட்கிறார். ஒருத்தங்க வீட்டுல பார்த்திருக்கிற வரனுக்குச் சரின்னு சொல்லலாமான்னு கேட்கிறாங்க. இன்னொரு தம்பி, எம்.எஸ். படிக்கப் போறதா, வீட்டுக் கடனை அடைக்கிறதான்னு கேட்கிறார். எல்லாருடைய மெசேஜும் ஒரே வரியில் முடியுது: "அக்கா, இதுல தேவசித்தம் என்னன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

இன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம். முதல்ல, நான் இந்தக் கேள்வியில் எப்படிச் சொதப்பினேன்னு சொல்லிடறேன்.

ஒரு திங்கள்கிழமை

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் சோழிங்கநல்லூர்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்த்துக்கிட்டிருந்தேன். புனேயிலிருந்து ஒரு ஆஃபர் வந்தது. சம்பளம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். மெயில் வந்தது திங்கள்கிழமை.

நான் சிஎஸ்ஐ சபையில் வளர்ந்தவள். இந்த மாதிரி நேரத்துல என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்னு நினைச்சேன். காலைச் சாப்பாட்டை விட்டு உபவாசம் இருந்தேன். கண்ணை மூடிக்கிட்டு வேதாகமத்தைத் திறந்து விரலை வச்சேன். 1 நாளாகமம். யாருக்கு யார் பிறந்தாங்கன்னு ஒரு முழுப் பக்கம். சரி, இது கணக்கில் இல்லைன்னு மறுபடி திறந்தேன். லேவியராகமம், தோல் நோய் பத்தின சட்டம். மூணாவது தடவை திறக்க எனக்குத் தைரியம் வரலை.

செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாப்பில் நின்னுக்கிட்டே ஒரு டீல் போட்டேன். "கர்த்தாவே, அடுத்த ரெண்டு நிமிஷத்துல ஏசி பஸ் வந்தா புனே போறேன்." வந்துடுச்சு. ஒரு நிமிஷம்கூட ஆகலை. உடனே என் மனசு என்ன சொல்லுச்சு தெரியுமா? "இது எப்பவும் இந்த நேரத்துக்கு வர்ற பஸ்தானே, இதைக் கணக்குல எடுத்துக்கக் கூடாது."

ஏறி உட்கார்ந்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. பதில் வந்த பிறகு பேரம் பேசுறவளுக்கு அடையாளம் எதுக்கு?

இதுக்கு நடுவில் இன்னொண்ணும் நடந்துக்கிட்டிருந்தது. புனேயா சென்னையான்னு கேட்டுக் கண்ணை மூடினா, என் அண்ணன் முகம் வரும். அப்பா இறந்த பிறகு பாளையங்கோட்டை வீட்டைப் பத்தியும், அம்மாவை யார் பார்த்துக்கறதுங்கிறதைப் பத்தியும் எங்களுக்குள்ள ஒரு சண்டை. ரெண்டு பேரும் சொல்லக் கூடாததைச் சொல்லிட்டோம். பதினாலு மாசமா பேச்சு இல்லை. அம்மாகிட்ட பேசணும்னா, அண்ணன் வேலைக்குப் போன நேரம் பார்த்து போன் பண்ணுவேன். ஜெபத்தில் அந்த முகம் வரும்போதெல்லாம், கவனத்தைக் கலைக்க சத்துரு செய்யற வேலைன்னு தள்ளிவிட்டுட்டு மறுபடி புனேக்குப் போயிடுவேன்.

இதுக்குக் கடைசியில் திரும்ப வரேன்.

சீட்டும் அட்டையும்

நம்மில் பலருக்கும், கர்த்தர் வழி காட்டுவார் என்பதை வீட்டில் கற்றுக்கொடுத்த விதம் ஒன்று உண்டு. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். எங்க அப்பா ஒவ்வொரு வருஷ அட்டையையும் தன் பைபிளுக்குள்ளேயே வச்சிருந்தார். அவர் போன பிறகு அந்தப் பைபிளைத் திறந்தப்போ, ஓரங்கள் மஞ்சளாகிப்போன அட்டைகள் மடியில் கொட்டின. அதை நான் ஒருநாளும் கேலி செய்ய மாட்டேன். ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கஷ்டமான வருஷத்தைத் தாண்டியவர்களை எனக்குத் தெரியும்.

சில வீடுகளில் இன்னும் ஒரு படி மேலே போய் சீட்டுப் போடுவார்கள். கல்யாணத்துக்கு மூன்று வரன் வந்தால், மூன்று துண்டுச் சீட்டில் பெயர் எழுதி பைபிளுக்குள் வைத்து, ஜெபித்து, வீட்டில் இருக்கிற சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். கேட்டால், "வேதத்திலேயே சீட்டுப் போட்டிருக்காங்களே" என்பார்கள். உண்மைதான். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுத்தது சீட்டுப் போட்டுத்தான். அது அப்போஸ்தலர் முதல் அதிகாரம். ரெண்டாம் அதிகாரத்தில் பெந்தெகொஸ்தே நாள், பரிசுத்த ஆவியானவர் வருகிறார். அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் முழுக்கத் தேடிப் பாருங்க. சபை எத்தனையோ பெரிய முடிவுகளை எடுக்குது. ஒரு இடத்திலும் சீட்டுப் போட்டதாக எழுதியில்லை. ஜெபிக்கிறார்கள், வாக்குவாதம் பண்ணுகிறார்கள், கூடி உட்கார்ந்து யோசிக்கிறார்கள்.

கிதியோனுடைய ஆட்டுத்தோலும் அப்படித்தான். நியாயாதிபதிகள் 6-ஐ முதலிலிருந்து வாசித்தால், தோலைக் களத்தில் போடுவதற்கு முன்பே என்ன செய்யணும்னு கர்த்தர் அவனிடம் சொல்லிவிட்டார். அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. பயமா இருந்தது, அவ்வளவுதான். தோல் நனையணும், அடுத்த நாள் தோல் மட்டும் காயணும்னு ரெண்டு தடவை கேட்கிறான். கர்த்தர் பொறுமையா ரெண்டுக்கும் சம்மதிக்கிறார். இது பயந்த ஒருத்தனிடம் கர்த்தர் காட்டிய இரக்கத்தின் கதை. நாம் அதை முடிவெடுக்கும் ஃபார்முலாவாக்கி, பஸ் ஸ்டாப்பில் என்னை மாதிரி நிற்கிறோம்.

சீட்டு, அடையாளம், விரல் வைத்த வசனம், எல்லாத்திலும் ஒரு வசதி இருக்கு. பின்னாடி தப்பாப் போனா, பொறுப்பு நம்மது இல்லை. அந்த வசதிதான் எனக்கும் தேவைப்பட்டது.

சாமுவேலுக்குக் கேட்ட குரல்

1 சாமுவேல் 3-ஐ ஞாயிறு பள்ளியில் நாம எல்லாரும் கேட்டிருக்கோம். ஃபிளானல் துணியில் படம் ஒட்டிக் காட்டுவாங்க. சின்னப் பையன், ராத்திரி, விளக்கு. பெரியவங்க ஆன பிறகு வாசிச்சா மூணு விஷயம் கண்ணில் படுது.

ஒண்ணு, கர்த்தருடைய குரல் சாமுவேலுக்கு எப்படிக் கேட்டது? ஏலியோட குரல் மாதிரியே. அதனாலதானே மூணு தடவையும் எழுந்து அவரிடமே ஓடுகிறான்? தினமும் வேலை வாங்குகிற, தண்ணி கொண்டு வான்னு கூப்பிடுகிற மனுஷரோட குரலுக்கும் அந்தக் குரலுக்கும் அவனால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியலை. நாம இடி மாதிரி ஏதாவது வரும்னு காத்திருக்கோம். வந்தது பழக்கமான ஒரு குரலா இருந்தா, அதைத் தாண்டிப் போயிடுவோம்.

ரெண்டாவது, அவன் தானாகக் கண்டுபிடிக்கலை. ஏலி சொல்லிக்கொடுத்தார். அந்த ஏலி யார்? கண் மங்கியவர். தன் மகன்களை அடக்காமல் விட்டு, ஆசாரியராகவும் அப்பாவாகவும் தோற்றுப்போனவர். ஆனாலும், "திரும்பிப் போய்ப் படு, மறுபடி கூப்பிட்டா இப்படிப் பதில் சொல்லு"ன்னு வழிகாட்ட அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்கு வழி காட்டுறவங்க குறையில்லாதவங்களா இருக்கணும்னு எதிர்பார்த்தா, ஒருத்தரும் கிடைக்க மாட்டாங்க.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். சாமுவேல் கேட்ட செய்தி அவனோட எதிர்காலத்தைப் பத்தினது இல்லை. ஏலி வீட்டுக்கு வரப்போற நியாயத்தீர்ப்பு. தன்னை வளர்த்த பெரியவர்கிட்ட போய்ச் சொல்ல வேண்டிய, யாருமே கேட்க விரும்பாத விஷயம். அவன் விடியும்வரை படுத்தே கிடக்கிறான். காலையில் எழுந்து, எப்பவும் போல ஆலயக் கதவுகளைத் திறக்கிறான். சொல்லப் பயம். ஏலியே கூப்பிட்டு வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் சொல்றான்.

காது கொடுத்தால், நாம கேட்ட கேள்விக்குத்தான் பதில் வரும்னு எந்த உத்தரவாதமும் இல்லை. அவர் வேற விஷயத்தைப் பேசலாம். அதுவும் நாம தள்ளிப்போட்டுக்கிட்டிருக்கிற விஷயமா இருக்கலாம்.

முதல்ல தூங்கு, சாப்பிடு

எலியாவைப் பத்தி ஒரு சின்னக் குறிப்பு. ஓரேப் மலையில் காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் போன பிறகு மெல்லிய ஒரு சத்தம் கேட்டதுன்னு எல்லாருக்கும் தெரியும். மூல எபிரெய மொழியில் அந்த வார்த்தைகள் இன்னும் விநோதமானவை. மெலிந்த மௌனத்தின் ஓசைங்கிற மாதிரி ஒரு பொருள் வரும்.

ஆனா அந்த 1 இராஜாக்கள் 19 அங்கே ஆரம்பிக்கலை. யேசபேலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழ் உட்கார்ந்து, செத்துப்போனா தேவலைன்னு சொல்ற ஒரு மனுஷனில் ஆரம்பிக்குது. அவனுக்குக் கர்த்தர் உடனே பிரசங்கம் பண்ணலை. தூங்க விட்டார். தழலில் சுட்ட அடையும் தண்ணியும் கொடுத்தார். மறுபடி தூங்க விட்டார். மறுபடி சாப்பிடச் சொன்னார். அப்புறம்தான் மலைக்குப் பயணம்.

நைட் ஷிஃப்ட் முடிச்சு, நாலு காபியில் ஓடிக்கிட்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு "கர்த்தர் ஏன் பேச மாட்டேங்கிறார்"னு அழறவங்களுக்கு இதைச் சொல்றேன். தூங்குங்க. இன்னொண்ணும் சொல்லணும். உங்களைப் பயமுறுத்துற, காயப்படுத்திக்கோன்னு கட்டளை போடுற குரல்கள் கேட்டா, அதைத் தனியா வச்சுக்கிட்டுப் போராடாதீங்க. நம்புற ஒருத்தரிடம் சொல்லி, உடனே மனநல மருத்துவரைப் பாருங்க. மருத்துவரிடம் போறது விசுவாசக் குறைவு இல்லை.

மூடின ரெண்டு கதவு

"அப்போ, இந்த வேலைக்குப் போ, இந்த ஊருக்குப் போன்னு கர்த்தர் சொல்லவே மாட்டாரா?"ன்னு கேட்பீங்க. சொல்லியிருக்கார். அப்போஸ்தலர் 16-ஐப் பாருங்க.

பவுலும் சீலாவும் தீமோத்தேயுவும் ஆசியா மாகாணத்தில் பிரசங்கிக்கணும்னு நினைக்கிறாங்க. ஆவியானவர் தடுக்கிறார். சரி, பித்தினியாவுக்குப் போவோம்னு பார்க்கிறாங்க. அங்கேயும் விடலை. காரணம் எழுதியில்லை. எப்படித் தடுத்தார்னும் எழுதியில்லை. ரெண்டு கதவும் மூடி, கடலோரத்தில் துரோவாங்கிற ஊரில் வந்து நிக்கிறாங்க. ராத்திரி பவுலுக்கு ஒரு தரிசனம்: மக்கெதோனியாவிலிருந்து ஒரு ஆள் உதவிக்கு வரச் சொல்லிக் கூப்பிடுகிறான்.

இங்கே கவனிங்க. இந்த இடத்திலிருந்து எழுத்து "நாங்கள்"னு மாறுது. இவ்வளவு நேரம் "அவர்கள்"னு எழுதிக்கிட்டிருந்தவர் "நாங்கள்"னு எழுத ஆரம்பிக்கிறார். தரிசனம் ஒருத்தருக்கு, அதை எடைபோட்டு, இதுதான்னு முடிவுக்கு வந்தது எல்லாரும் சேர்ந்து. பவுல் மாதிரி ஒரு ஆள்கூட, "எனக்குத் தரிசனம் வந்துச்சு, பேசாம கிளம்புங்க"ன்னு முடிக்கலை.

சரி, பிலிப்பிக்குப் போனாங்க. தரிசனத்தில் வந்த ஆள் வரவேற்றானா? இல்லை. ஓய்வுநாளில் ஆற்றங்கரையில் கூடியிருந்த சில பெண்கள்தான் இருந்தாங்க. அதில் இரத்தாம்பரம் விற்கிற லீதியாள் முதலில் விசுவாசிக்கிறாள். அவள் எந்த ஊர்? தியத்தீரா. அது ஆசியா மாகாணத்தில் இருக்கிற ஊர்! போகக் கூடாதுன்னு தடுக்கப்பட்ட அதே ஆசியாவின் ஒரு பெண், இக்கரையில் முதல் ஆளா நிக்கிறாள். பிற்பாடு பவுல் ஆசியாவின் எபேசுவுக்கே போய் ரெண்டு வருஷத்துக்கு மேல தங்கி ஊழியம் செய்தார். அன்னைக்குச் சொன்ன "வேண்டாம்" நிரந்தரமானது இல்லை.

இன்னொண்ணு, பிலிப்பியில் அவங்களுக்குக் கிடைச்சது பிரம்படியும் சிறையும். கர்த்தர் காட்டின வழின்னா எல்லாம் ஈஸியா நடக்கும், கதவு தானாத் திறக்கும்னு நமக்கு ஒரு எண்ணம். கஷ்டம் வந்தா, "ஐயோ, தேவசித்தம் இல்லை போல"ன்னு பின்வாங்குறோம். சரியான வழியில் போய்த்தான் பவுல் காலில் தொழுமரம் மாட்டியது.

பண்ணைவிளைக்கு வந்த சிறுமி

எங்க ஊர்ப் பக்கத்துக் கதை ஒண்ணு. டோனாவூர் எமி கார்மைக்கேல் அம்மாவைக் கேள்விப்பட்டிருப்பீங்க. வட அயர்லாந்தில் 1867-இல் பிறந்தவங்க. மிஷனரியாகப் போகணும்னு அழைப்பை உணர்ந்து 1893-இல் போனது ஜப்பானுக்கு. ஒன்றரை வருஷம்கூட அங்கே நிலைக்க முடியலை, உடம்பு ஒத்துக்கலை. அப்புறம் கொஞ்ச நாள் இலங்கை. அப்புறம் திரும்பி வீடு. 1895-இல்தான் இந்தியா வந்தாங்க.

இன்னைக்கு நம்ம கண்ணில் இது என்ன? ஃபெயிலியர். "அழைப்புன்னு சொன்னாங்களே, ஜப்பான்ல என்னாச்சு?"ன்னு ஃபேமிலி குரூப்பில் ஒரு பெரியம்மா நிச்சயம் கேட்பாங்க.

திருநெல்வேலிச் சீமையில் அவங்க சில தமிழ்ப் பெண்களோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்லிக்கிட்டிருந்தாங்க. அதுதான் தன் ஊழியம்னு நம்பினாங்க. 1901 மார்ச்சில், பண்ணைவிளையில் இருந்தப்போ, கோயில் சேவைக்கு விடப்பட இருந்த ஏழு வயசுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்து அவங்களிடம் சேர்ந்தாள். பிரீனான்னு பெயர். வானத்திலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. காலை வேளையில் ஒரு குழந்தை வந்து நிக்குது. அவளுக்குப் பின்னால் இன்னும் குழந்தைகள் வந்தாங்க. பிள்ளைகளை வளர்க்கிறவங்க ஊர் ஊராகப் போக முடியுமா? பயணம் நின்னது. திட்டம் போட்டு வச்சிருந்த ஊழியம் நின்னது. டோனாவூரில் ஒரு வீடு உருவாச்சு. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அவங்க அம்மா ஆனாங்க. 1951-இல் இறக்கும்வரை தாய்நாட்டுக்கு ஒரு தடவைகூடத் திரும்பலை.

அந்தக் காலையை நான் அடிக்கடி நினைக்கிறேன். "நான் முக்கியமான ஊழியத்துக்குப் போற வழியில் இருக்கேன், இந்தப் பிள்ளையை வேற யார்கிட்டயாவது விடுங்க"ன்னு சொல்லியிருக்கலாம். நியாயமான வார்த்தையாவே இருந்திருக்கும். நமக்கும் வழிகாட்டுதல் பல நேரம் இடைஞ்சல் வேஷத்தில்தான் வருது.

"கர்த்தர் எனக்குக் காட்டினார்"

இதைச் சொல்லாம இந்த எபிசோடை முடிக்க முடியாது.

என் தோழி ஒருத்தி. காலேஜ் படிக்கும்போது ஒரு ஜெபக் குழுவுக்குப் போவாள். அங்கே ஒரு அண்ணன், "நீதான் என் மனைவின்னு கர்த்தர் எனக்குக் காட்டினார்"னு சொன்னார். அவளுக்கு விருப்பம் இல்லை. ஆனா, முடியாதுன்னு சொன்னா கர்த்தருக்கே முடியாதுன்னு சொல்ற மாதிரி ஆயிடுமோன்னு பயம். ஒரு வருஷம் தூக்கம் இல்லாம இருந்தாள். கடைசியில் அவளோட பாட்டி கேட்ட ஒரே கேள்வியில் அந்த முடிச்சு அவிழ்ந்தது: "ஏம்மா, அந்தக் கர்த்தருக்கு உன் விலாசம் தெரியாதாமா?"

தீர்க்கதரிசனத்தை அலட்சியம் பண்ணாதீங்க, ஆனா எல்லாத்தையும் சோதிச்சுப் பாருங்கன்னு பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதின முதல் கடிதத்தில் சேர்த்தே சொல்றார். சோதிக்கிறது அவிசுவாசம் இல்லை, கட்டளை. யாராவது "கர்த்தர் சொன்னார்"னு வந்தா, அல்லது உங்க மனசே அப்படிச் சொன்னா, நான் நாலு கேள்வி கேட்பேன்.

இது இயேசு செய்யக்கூடிய காரியமா? நாலு சுவிசேஷத்திலும் நாம பார்க்கிற இயேசுவோட குணத்துக்கு இது பொருந்துதா?

இது யாருக்கு லாபம்? சொல்றவருக்கே வசதியா, பணமா, அதிகாரமா முடியுதுன்னா ஒரு அடி பின்னால் வைங்க.

இது யோசிக்க நேரம் தருதா? "இப்பவே, இந்த நிமிஷமே, யார்கிட்டயும் கேட்காதே"ன்னு அவசரப்படுத்துற குரல் எனக்குச் சந்தேகம். நல்ல மேய்ப்பன் ஆடுகளுக்கு முன்னால் நடப்பார்னு யோவான் 10-இல் இருக்கு. பின்னால் நின்னு விரட்டுறது வேற ஆள்.

என்னை நேசிக்கிற, எனக்கு முகத்துக்கு நேரா உண்மை சொல்லக்கூடிய ரெண்டு மூணு பேர் இதைக் கேட்டு என்ன சொல்றாங்க? துரோவாவில் அந்த "நாங்கள்" ஞாபகம் இருக்கட்டும்.

ராத்திரி பத்து நிமிஷம்

காதைப் பழக்குறதுக்கு நான் செய்யற ஒரு சின்னப் பயிற்சியைச் சொல்றேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. சென்னையில் லயோலா காலேஜ் வழியா எத்தனை தடவை போயிருப்போம்? அந்தப் பெயர் ஸ்பெயினில் இருக்கிற லயோலாங்கிற ஊரைச் சேர்ந்த இஞ்ஞாசியாரிடமிருந்து வந்தது.

அவர் ஒரு போர்வீரர். 1521-இல் பம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, மாதக்கணக்கில் படுக்கை. பொழுது போக வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் இருந்தது கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் கதைகளும்தான். படுத்துக்கிட்டே பகல் கனவு காண்பார். சில நேரம் போரில் ஜெயிச்சு, ஒரு சீமாட்டியின் மனசைக் கவர்ற கனவு. சில நேரம் அந்தப் புனிதர்கள் மாதிரி வாழ்கிற கனவு. ரெண்டுமே காணும்போது இனிச்சுது. ஆனா முடிஞ்ச பிறகு, முதல் கனவு மனசை வறட்சியா விட்டுட்டுப் போனது. ரெண்டாவது கனவின் சந்தோஷம் தங்கியது. அந்த வித்தியாசத்தை ஒருநாள் கவனிச்சார். அவருடைய வழிநடத்துதல் அங்கேதான் ஆரம்பிச்சது. பிற்பாடு, ஒவ்வொரு நாளையும் திரும்பிப் பார்த்து ஜெபிக்கிற ஒரு முறையை ஏற்படுத்தினார்.

நான் அதைச் சுருக்கி வச்சிருக்கேன். ராத்திரி போனை வேற ரூமில் சார்ஜ் போட்டுட்டு, காலையிலிருந்து நடந்ததை வரிசையா நினைச்சுப் பார்ப்பேன். எதுக்கு நன்றி சொல்லணும்? எந்த இடத்தில் மனசு விரிஞ்சது, எந்த இடத்தில் சுருங்கினது? யாரோட முகம் திரும்பத் திரும்ப வருது, அவங்களுக்கு நாளைக்கு நான் செய்ய வேண்டிய ஒரு சின்ன விஷயம் என்ன? அவ்வளவுதான். பத்து நிமிஷம். சில ராத்திரி அஞ்சாவது நிமிஷமே தூங்கிடுவேன். பரவாயில்லை.

ஒரு நாளில் பெருசா எதுவும் தெரியாது. ரெண்டு மாசம் செஞ்சா ஒரு வடிவம் தெரிய ஆரம்பிக்கும். இது தவிர, வேதத்தைக் குலுக்கல் சீட்டு மாதிரி திறக்காமல், ஒரு சுவிசேஷத்தை முதலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமா வாசிங்க. ஒருத்தரோட குரல் நமக்கு எப்படிப் பழகுது? அவங்களோட நிறைய நேரம் இருந்தால்தானே? அம்மா போனில் "ம்"னு சொன்னாலே மூடு என்னன்னு நமக்குத் தெரியும். அது நாள்பட்ட பழக்கம்.

வியாழக்கிழமை ராத்திரி

சரி, அந்த வாரத்துக்கு வரேன்.

வியாழக்கிழமை ராத்திரி. அண்ணன் முகம் மறுபடி வந்தது. தள்ளிவிட எனக்குத் தெம்பு இல்லை. அப்போதான் மத்தேயு 5 நினைவுக்கு வந்தது. காணிக்கை கொடுக்க வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை இருக்குன்னு நினைவு வந்தா, காணிக்கையை அங்கேயே வச்சுட்டு முதல்ல போய் ஒப்புரவாகுன்னு இயேசு சொல்ற பகுதி. நினைவு வந்தாங்கிற அந்தச் சொல் என்னைக் குத்தியது. நாலு நாளா நினைவு வந்துக்கிட்டேதான் இருந்தது. புனேயைப் பத்தி வேதத்தில் ஒரு வரியும் இல்லை. அண்ணனைப் பத்தி மலைப்பிரசங்கத்திலேயே எழுதியிருக்கு. அடையாளம் கேட்க வேண்டிய அவசியமே இல்லாத விஷயத்தில் நான் காது அடைச்சு வச்சுக்கிட்டு, அவர் இன்னும் சொல்லாத விஷயத்துக்குக் காது தீட்டிக்கிட்டிருந்தேன்.

போன் பண்ணினேன். மணி பத்தே கால். ரிங் போகும்போது, எடுக்கக் கூடாதுன்னு ஒரு பக்கம் ஜெபம் வேற.

"என்னட்டி, இந்நேரத்துல?" குரல்ல பயம். அம்மாவுக்கு ஏதோன்னு நான் பதறுற மாதிரி, எனக்கு ஏதோன்னு அவன் பதறியிருக்கான்.

"ஒண்ணும் இல்லண்ணே. சும்மாதான்."

கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்.

"சாப்பிட்டியா?"ன்னான்.

அன்னைக்கு ராத்திரி எல்லாம் சரியாகலை. வீட்டு விஷயம் பேசவே இல்லை. ஆனா நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். அவன் "சரி, விடு"ன்னான். வைக்கிறதுக்கு முன்னாடி, அம்மாவுக்கு முழங்கால் ரொம்ப மோசமாயிடுச்சு, ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லியிருக்கார், உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்குன்னு சொன்னான்.

மறுநாள் அந்தக் கம்பெனியிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். கொடுத்தாங்க. எங்க பாஸ்டரம்மாவிடமும், ஒரு சீனியர் அக்காவிடமும், அண்ணனிடமும் பேசினேன். ஒரு தாளில் கணக்குப் போட்டேன். கடைசியில் புனே வேண்டாம்னு முடிவெடுத்தேன். சம்பளம் போனது போனதுதான்.

அது தேவசித்தமா? நேர்மையாச் சொல்றேன், எனக்கு நிச்சயம் இல்லை. போகாததால எந்த அற்புதமும் நடக்கலை. அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. நான் புனேயில் இருந்திருந்தாலும் முடிஞ்சிருக்கும். இஎம்ஐ கட்டுற தேதியில் அந்த ஆஃபர் லெட்டர் ஞாபகம் வரும். போயிருந்தாலும் கர்த்தர் அங்கேயும் என்னோட இருந்திருப்பார்னு நம்புறேன்.

ஆனா அந்த போன்? அதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை.

தேவசித்தம்னா ஒரு கயிறு, ஒரு அடி தப்பினா விழுந்துடுவோம்னு நினைச்சு நடுங்கிக்கிட்டிருந்தேன். இப்போ அப்படி நினைக்கலை. எந்த ஊர், எந்த வேலைங்கிறதை அவர் சில நேரம் சொல்லலாம். பல நேரம் நம்மை நம்பி நம்ம கையில் விடலாம். யாரை மன்னிக்கணும், யாருக்குக் கடன்பட்டிருக்கோம், யார் வாசலில் நிக்கிறாங்கங்கிறதை அவர் ஏற்கெனவே சொல்லிட்டார், தினமும் சொல்லிக்கிட்டும் இருக்கார். அந்தச் சின்னக் குரலுக்கு எழுந்து நடக்கப் பழகினவங்களுக்கு, பெரிய கேள்வி வரும்போது கை கால் நடுங்காது. நடுங்கினாலும் கொஞ்சமாத்தான் நடுங்கும்.

அதனால இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். உங்க பெரிய கேள்வியை ஒரு பக்கம் வைங்க, அது எங்கேயும் ஓடிடாது. ஜெபிக்க உட்கார்ந்தா கூப்பிடாமலே ஒரு முகம் வருதான்னு பாருங்க. வந்தா தள்ளிவிடாதீங்க. ஒரு எச்சரிக்கை மட்டும்: உங்களை அடிச்சவங்க, கொடுமைப்படுத்தினவங்க முகம் வந்தா, உடனே போன் பண்ணணும்னு நான் சொல்லலை. முதல்ல நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட பேசுங்க. மத்தபடி, ஒரு மெசேஜ், ஒரு போன், ஒரு "சாப்பிட்டியா" போதும்.

உங்க அனுபவங்களை எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில், பதிலே வராத ஜெபங்களைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். அதுவரைக்கும் நல்லா தூங்குங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க. கர்த்தர் உங்களோடு இருப்பாராக. ஆமென்.